தோழியாக வாசுகிதான் நிற்பாள்

தம்பி,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இப்போது மனமில்லை. நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. மண்டபம் உறுதியாகிவிட்டது, மேளக்காரர் லண்டனிலிருந்து வருகிறார், மணவறைச் சோடனையை ஓகூஸ் நகரத்தில் ஒருவர் செய்கிறார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற மாதிரி, கடைசியில் ஒன்று சொன்னாய். "அம்மா, தங்கச்சி தோழியா நிக்க வேண்டாம். சும்மா வந்து முன்வரிசையிலை இருக்கட்டும். பொம்பிளையின்ரை சிநேகிதி ஒராள் நிப்பா." நான் ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "அப்ப சரி, நான் பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். எனக்கு வாய் வரவில்லையே தவிர, சம்மதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். உன் அப்பா வந்துதான் அடுப்பை நிறுத்தினார்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததா? மாப்பிள்ளைக்குப் பெண்ணின் சகோதரன் தோழன். பெண்ணுக்கு மாப்பிள்ளையின் சகோதரி தோழி. கூடப்பிறந்தவள் குத்துக்கல் மாதிரி இருக்க, அவள் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தினால் மண்டபத்தில் இருக்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். வாய்விட்டுக் கேட்டாலாவது பதில் சொல்லலாம். கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரரே ஒதுக்கிவிட்டார்கள், அப்படியென்றால் அந்தக் கதை உண்மைதான் என்று தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டு பாயசம் குடிப்பார்கள். நான் திரும்ப உனக்குத் தொலைபேசி எடுத்துக் காரணம் கேட்டபோது நீ சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "அவையள் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. ஆனா இப்ப படங்களெல்லாம் நெட்டிலைதானே போடுவினம். தோழி எண்டா பொம்பிளைக்குப் பக்கத்திலை, ஒவ்வொரு படத்திலையும் நிப்பாள். கீழை ஆராவது ஏதாவது எழுதிப்போட்டா?" ஆராவது. ஏதாவது. இந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து நீ உன் தங்கச்சியைப் படத்திலிருந்து வெட்டப் பார்க்கிறாய்.

இதை மடித்து உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்ப மாட்டேன். அவளைப் பற்றி ஊர் முழுக்க அறியப் பேசினார்கள். பதிலும் ஊரறியத்தான் வரும். எங்கள் தமிழ் மன்றத்து மலரில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படித்துவிட்டு யாருக்காவது உறைத்தால் உறைக்கட்டும்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கலாம். உனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் பார்த்ததுதான். நீ கோப்பன்ஹேகனில் இருந்தாய். நான் இந்த வீட்டில் இருந்தேன். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த அந்தச் சித்திரை மாதம் முழுக்க, சனிக்கிழமை என்றால் வாசுகி விடியவே எழும்பி, ஹேர்னிங்கில் இருந்து புறப்படுகிற பஸ்ஸில் எங்களோடு கோப்பன்ஹேகனுக்கு வந்தாள். பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் மழைக்குள் நின்று கத்தினோம். கத்த எங்களுக்குத் தெரியும். ஆனால் சைக்கிளில் போகிற டேனிஷ்காரன் ஒருவன் நின்று, என்ன நடக்கிறது உங்கள் நாட்டில் என்று கேட்டால், எங்கள் பெரிய மனிதர்களின் டேனிஷ் இரண்டு வசனத்தோடு முடிந்துவிடும். உடனே திரும்பி, "பிள்ளை வாசுகி, இஞ்சை வா, உவருக்கு விளங்கப்படுத்து" என்பார்கள். அவளும் போவாள். ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்ததையும் பங்கருக்குள் பிள்ளைகள் கிடப்பதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். கேட்டவர்கள் சிலர் அழுதுகொண்டு போனதை நான் பார்த்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் மற்றவர்கள் நித்திரை. அவள் தாதிப் படிப்புப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். வாய்மொழிப் பரீட்சை வைகாசியில் இருந்தது.

அந்தப் பரீட்சை வந்து விழுந்த நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. உன் அப்பா வேலைக்குப் போகவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடி, எடுபடாது என்று தெரிந்தும் வன்னியில் இருந்த உன் மாமாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். வாசுகி போகமாட்டேன் என்றாள். நான்தான் போ என்று அனுப்பினேன். தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போனவள், நல்ல புள்ளியோடு வெளியே வந்திருக்கிறாள். வாசலில் கூடப்படிக்கிற டேனிஷ் பிள்ளைகள் கேக்கோடு நின்றார்களாம். கேக்கில் சின்னச் சின்னக் கடதாசிக் கொடிகள். இந்த நாட்டில் பிறந்தநாள் என்றாலும் கொடி, பாஸ் பண்ணினாலும் கொடி. அது உனக்கும் தெரியும், உன் பிறந்தநாள் கேக்குகளில் நானே குத்தியிருக்கிறேன். ஒருத்தி படம் எடுத்தாள். வாசுகி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தை நெட்டில் உங்கள் எல்லோருக்கும் இருக்கிற அந்தச் சுவரில் போட்டு, கீழே இரண்டு சொல் எழுதினாள். எப்போதும் டேனிசில் எழுதுகிறவள். சித்திரைக்குப் பிறகுதான், "டேனிசிலை எழுத எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு அம்மா" என்று, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதத் தொடங்கியிருந்தாள். அன்றைக்கும் அப்படியே எழுதினாள்: ஒருமாதிரி விடுதலை.

எழுதிவிட்டு, நிறுத்தியிருந்த தொலைபேசியைக்கூடப் போடாமல், சைக்கிளில் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது உன் அப்பா நிலத்தில் இருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது, இராணுவம் வென்றுவிட்டது என்று அப்போதுதான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நீ சொல், விடுதலை என்றால் எங்கள் வீட்டில் என்ன? யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் பூட்டினால் அது விடுதலை. சித்திரை விடுதலை, மார்கழி விடுதலை, வெள்ளம் வந்தால் வெள்ளத்துக்கு விடுதலை. மற்ற ஊர்க்காரர் லீவு என்பதை நாங்கள் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தோம். ஒருமாதிரி என்றால் ஒருவழியாக. இங்கே டேனிஷ்காரன் அதைத்தான் 'ஃப்ரி' என்கிறான். பள்ளிக்கூடம் இல்லையென்றாலும் ஃப்ரி, வேலை முடிந்தாலும் ஃப்ரி. நீங்கள் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் பைகளை எறிந்துகொண்டு, "மோர், நாளைக்கு ஃப்ரி!" என்று வருவீர்கள். அம்மாவுக்கு டேனிசில் மோர். நான் மோரும் இல்லை, தயிரும் இல்லை, அம்மா என்று கூப்பிடு, ஃப்ரி இல்லை, விடுதலை என்று சொல்லு, சொன்னால்தான் ரோல்ஸ் தருவேன் என்று வாசலில் மறித்து நிற்பேன். நீ ரோல்சுக்காகத் தெரு முழுக்கக் கேட்க, "அம்மா, விடுதலை!" என்று கத்தினாய். அவள் உன்னைப் பார்த்துக் கத்தினாள். அவளுக்கு அந்தச் சொல்லைப் படிப்பித்தது நான். அதைப் பழக்கிக் காட்டியது நீ.

அந்தப் படத்தை ஒருவர் அப்படியே பிடித்துத் தன் சுவரில் போட்டார். பெயரை எழுதி அவரைப் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பமில்லை. இங்கே ஆடைத் தொழிற்சாலையில் உன் அப்பாவோடு ஒரே மெசினில் மாறி மாறி நின்றவர். எங்கள் வீட்டு மேசையில் எத்தனையோ தரம் புட்டுச் சாப்பிட்டவர். அன்று கொழும்புத் தெருக்களில் வெற்றிக்குப் பாற்சோறு கொடுத்தார்கள் அல்லவா? அதையும் இதையும் சேர்த்து அவர் படத்துக்கு மேலே எழுதினார்: "கொழும்பிலே பாற்சோறு, ஹேர்னிங்கிலே கேக்." எழுதத் தெரிந்த கைதான். அதுதான் வயிறு எரிகிறது. ஒரே வரி. பிள்ளையின் சிரிப்பு, கேக், கொடி, விடுதலை என்ற சொல், எல்லாம் அந்த வரிக்குள் அடைபட்டுப்போனது. பொழுதுபடுவதற்குள் நோர்வேக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டது. அவரும் வேலணையில் பள்ளிக்கூடம் போனவர்தானே? மார்கழி விடுதலைக்கு மதில் பாய்ந்து ஓடியவர்தானே? அந்தச் சொல்லுக்கு அவருக்குப் பொருள் தெரியாதா? நல்லாகத் தெரியும். தெரிந்துகொண்டு செய்ததை, அவர் எந்தக் கோயிலில் வந்து கேட்டாலும் நான் மன்னிக்க மாட்டேன்.

அன்றைக்கு எல்லோருக்கும் நெஞ்சு எரிந்தது, எனக்கும் தெரியும். என் அண்ணனும் அவன் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் நானும்தான் கிடந்தேன். அடிக்க வேண்டியவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டினவள் ஒரு படிக்கிற பிள்ளை. எல்லோரும் தங்கள் முகப்படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வைத்தார்கள். வைத்தது சரி. வைத்துவிட்டு, யார் யார் இன்னும் வைக்கவில்லை என்று வீடு வீடாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்களே, அதற்குத் துக்கம் என்றா பெயர்? முதல் நாலு பேர் காறித் துப்பினார்கள். பின்னால் வந்தவர்கள் அவள் எழுதியதைப் படிக்கவில்லை, அந்த நாலு பேர் எழுதியதைப் படித்தார்கள். படித்துவிட்டுப் பெருவிரலைத் தூக்கிவிட்டுப் போய்ச் சோறு சாப்பிட்டார்கள். தாங்கள் பேசாமல் போனால் தங்களையும் யாரும் சந்தேகிப்பார்களோ என்ற பயத்தில் பேசினவர்கள்தான் பாதிப் பேர். பயந்தவன் எறிகிற கல்லும் காயப்படுத்தும்தானே.

வாசுகி பதறிப்போய்ப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். குற்றம் இருந்தபடியால்தான் எடுத்தாள் என்றார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு திமிர் என்றிருப்பார்கள். பிறகு என்னிடமும் கேட்காமல், தன்பாட்டில் இருந்து, முதல் தரமாகத் தமிழ் எழுத்திலேயே ஒரு மன்னிப்பு எழுதினாள். பரீட்சை முடிந்ததைத்தான் சொன்னேன், செய்தி அப்போது தெரியாது, என் மாமாவும் அங்கேதான் இருக்கிறார் என்று. 'மன்னிக்கவும்' என்பதை 'மண்ணிக்கவும்' என்று எழுதிவிட்டாள். ஒருவன் கீழே வந்து, மண்ணில் கிடக்கிறவர்களை வைத்துப் பகிடி விடுகிறாயா என்று கேட்டான். இன்னொருவன் எழுத்தைத் திருத்தினான். பாவி, எழுத்தைத் திருத்தினான்! ஒரு பிள்ளை உடைந்துபோய் மன்னிப்புக் கேட்கிறது, இவன் ணகர னகரம் பார்க்கிறான். எங்கள் மொழியைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள் இல்லை என்று மேடைக்கு மேடை அழுகிறவர்கள்தான் இவர்கள். அதற்குப் பிறகு அவள் தமிழில் ஒன்றும் எழுதவில்லை.

வம்பு பேசுவது இன்று நேற்று வந்ததா என்று நீ கேட்பாய். இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில், குளிர் தாங்காமல் காற்சட்டை போட்டுக்கொண்டு டேனிஷ் வகுப்புக்குப் போனேன். அடுத்த கிழமை, அவள் வந்தவுடனே வெள்ளைக்காரியாகிவிட்டாள் என்று ஒரு கதை. யார் வாயிலிருந்து புறப்பட்டது என்று விசாரித்துக்கொண்டு போனேன். நாலாவது வீட்டில் ஆள் அகப்பட்டாள். பனிக்குள் நடந்துபோய் மணியை அடித்து, "என்னக்கா, என்னைப் பற்றிக் கதைச்சனீங்களாம், என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு தேத்தண்ணி ஊற்றினாள். அடுத்த மாதம் அவளும் காற்சட்டை வாங்க என்னோடுதான் கடைக்கு வந்தாள். அந்த வம்புக்கு ஒரு வாசல் இருந்தது, தட்டலாம். இதற்கு நான் எந்தக் கதவைத் தட்டுவது? பாதிப் பேருக்குப் பெயரே இல்லை, மிச்சப் பேருக்கு முகத்துக்குப் பதில் கறுப்பு.

அந்த அக்காவும் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். பின்வாசலால் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமடி, பிள்ளை அப்பிடிப்பட்டவள் இல்லை. ஆருக்கடி அந்தச் சொல் தெரியாது?" என்று அழுதாள். அப்படியென்றால் அதை அங்கே எழுதுங்கோ அக்கா, உங்கள் மகனைக் கொண்டு எழுதுவியுங்கோ என்றேன். கையை எடுத்துவிட்டாள். "ஐயோ, எழுத ஏலாது. பேந்து எங்கடை பிள்ளையளையும் பிடிச்சுக்கொள்ளுவாங்கள்." இப்படி எத்தனை பேர் வந்து போனார்கள் தெரியுமா? வீட்டுக்குள் எல்லோரும் எங்கள் பக்கம். வெளியே ஒரு நாதி இல்லை. உன் அப்பா இப்போது மன்றத்துப் பக்கம் போவதில்லை. கேட்டால் முழங்கால் நோவு என்கிறார்.

அவர்களையெல்லாம் விடு. அவர்கள் பிறத்தி. நீ? அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் உன்னைவிடத் தகுதியான ஆள் யார்? "இது என் தங்கச்சி. எங்கள் வீட்டில் விடுதலை என்றால் பள்ளிக்கூட விடுதலை. இதற்கு மேல் யாராவது வாய் திறந்தால் என்னோடு கதையுங்கள்." இவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. நீ என்ன சொன்னாய்? "நான் எழுதினா இன்னும் பெரிசாப் போகும் அம்மா. விட்டா அடங்கீடும்." படித்த பிள்ளை, கணினியோடு வேலை செய்கிறவன், உனக்குத் தெரியும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அடங்கியதா? அடங்கவில்லை. ஆனால் நீ சும்மாவும் இருக்கவில்லை. ஒரு நாள் வாசுகி உன் நிச்சயதார்த்தப் படங்களைப் பார்க்கத் தேடினாள். காணவில்லை. உன்னையே காணவில்லை. உன் நண்பர்கள் பட்டியலில் இருந்து உன் கூடப்பிறந்தவளை நீ எடுத்துவிட்டாய். அவள் என்னிடம் வந்து டேனிசில்தான் சொன்னாள். அழுகை வந்தால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். அண்ணா என்னை எடுத்துவிட்டார் அம்மா, கைதவறிப் பட்டிருக்குமோ என்று கேட்டாள். ஓம், கைதவறித்தான் பட்டிருக்கும் என்று சொன்னேன். உனக்காக நான் பொய் சொன்னேன், ராசா. பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

உன் மாமாவைத் தேடி இன்றைக்கும் நாள் தவறாமல் முகாம்களுக்குத் தொலைபேசி எடுக்கிறவள் அவள். யாரோ ஒரு அதிகாரியோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டி, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, காத்திரு என்றால் காத்திருந்து, இல்லை என்றால் அடுத்த முகாமுக்கு எடுக்கிறாள். அதை அவள் எந்தச் சுவரிலும் எழுதவில்லை. எழுதாததால் அது நடக்கவில்லை என்றாகிவிடுமா? கறுப்புப் படம் வைத்தவர்களில் எத்தனை பேர் இப்போது கடற்கரைப் படம் போட்டிருக்கிறார்கள் என்று நீயே போய்ப் பார்.

நான் சொல்வதை இனிக் கவனமாகக் கேள். உன் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. அவள் வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் தங்கச்சியை ஒதுக்கியது அவர்களும் இல்லை, ஊரும் இல்லை, நீ. ஆவணியில் மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் வாசுகிதான் நிற்பாள். ஒவ்வொரு படத்திலும் நிற்பாள். எந்தப் படத்துக்குக் கீழே எவன் என்ன எழுதினாலும், அதற்குக் கீழே நீ உன் பெயரோடு பதில் எழுதுவாய். இது நடக்காது என்றால் சொல்லிவிடு. தோழி இல்லாமல் தாலி ஏறும் என்று நீ நினைத்தால், தாய் இல்லாமலும் ஏறட்டும். நானும் உன் அப்பாவும் அன்றைக்கு ஹேர்னிங்கில் வீட்டில் இருப்போம்.

இதைக் கையால் எழுதி, மலருக்குக் கொடுக்கக் கணினியில் அடித்துத் தா என்று வாசுகியிடம்தான் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி ஒன்றும் அச்சில் வரக்கூடாது என்று நினைத்தேன். தமிழ் எழுத்தைத் தேடித் தேடி, இரண்டு நாள் இருந்து அடித்தாள். ஒரு வரியைக்கூட மாற்றவில்லை, தன்னைப் பேசிய பேச்சுகளையும் அப்படியே அடித்திருந்தாள். ஒன்றை மட்டும் வெட்டியிருந்தாள். மேலே நான் 'தம்பி' என்று எழுதிய இடத்தில் உன் பெயரும் இருந்தது. உன் பெயர், என் பெயர், உன் அப்பாவின் பெயர், எல்லாம் இருந்தது. எங்கே என்று கேட்டேன்.

"அண்ணான்ரை பேர் வேண்டாம் அம்மா. பொம்பிளை வீட்டுக்காரர் பாத்தா அவருக்கு வெக்கம். உங்கடை பேர் இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவினம், அதாலை அதையும் எடுத்திட்டன்."

அப்ப உன்ரை பேர் என்றேன்.

"அது கிடக்கட்டும். அதுதான் எல்லாருக்கும் தெரியுமே."

அதனால்தான் இந்தக் கடிதத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்குத் தொலைபேசி எடு.

அம்மா